என் பின்சக்கரத்தில் ஒரு கொக்கு

அக்கா, சித்தி அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அம்மா சாப்பிடாமல் இருந்ததாகச் சொன்னாய். முழங்காலில் தெரியும் அந்தக் கட்டு பார்க்கத்தான் பெரியது, உள்ளே இருப்பது வெறும் சிராய்ப்பு. அதுவும் பந்தயத்தில் விழுந்ததல்ல. பந்தயமெல்லாம் முடிந்து, சைக்கிளை நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்தபடியே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு காலணி இன்னும் பெடலோடு மாட்டியிருப்பது மறந்துபோய், வெட்டிப் போட்ட மரம் மாதிரி பக்கவாட்டில் சாய்ந்தேன். அவ்வளவுதான். முதலில் இதை அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்புறம் மீதியைப் படித்துக் காட்டு.

அப்பா கேட்கப்போவதும் தெரியும். முப்பத்தெட்டு பேரில் முப்பத்தோராவது. சிரிக்க வேண்டாம் என்று சொல். பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய எந்த முதல் இடத்துக்கும் நான் இவ்வளவு பாடுபட்டதில்லை.

எங்கள் அணியில் மூன்று பேர். தலைவி பல்லக்கா. பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பதால் அந்தப் பெயர். என்னைவிட இரண்டே வயது மூத்தவர், ஆனால் பேச்சில் இருபது வயது மூத்தவர். அடுத்தவர் டிரைவரக்கா. நகரப் பேருந்து ஓட்டுகிறவர், அணியிலேயே கால் பலம் அவருக்குத்தான். மூன்றாவது நான். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிறேன் அல்லவா, அதனால் எனக்குப் பெயர் போர்வை.

அடுத்த மாதம் மூன்று நாள் பந்தயம் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் மலைப்பாதை, ஒரு நாள் கடற்கரை, ஒரு நாள் நகரம். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அதைப் பற்றித்தான் உன்னிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அதற்கு அணிக்கு மூன்று பேர்தான். பல்லக்காவும் டிரைவரக்காவும் உறுதி. மூன்றாவது இடத்தை எனக்குத் தருவதா, புதிதாக வந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு நீச்சல்காரிக்குத் தருவதா என்று பல்லக்காவுக்கு யோசனை. யோசனை நியாயமானதுதான். கடைசி மூன்று பந்தயங்களிலும் நான் பாதியில் கூட்டத்திலிருந்து அறுந்துபோய், பின்னால் வந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தவள்.

வியாழக்கிழமை வேலை முடிந்து பல் மருத்துவமனைக்குப் போனேன். நோயாளிகள் எல்லோரும் போயிருந்தார்கள். காத்திருக்கும் அறையில், ஈறு நோய் பற்றிய படத்துக்குக் கீழே உட்கார்ந்து, தேதி எழுதிக் கொடுக்கும் அட்டையின் பின்பக்கத்தில் பல்லக்கா பாதையை வரைந்தார். பத்து கிலோமீட்டர் வட்டம், ஆறு சுற்று, சுற்றுக்கு ஐந்து வளைவு. டிரைவரக்கா சீருடையைக்கூட மாற்றாமல் வந்து நோயாளிகள் காத்திருக்கும் நீள இருக்கையில் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

"நீ எங்க இருப்பே?" என்றார் பல்லக்கா.

"பின்னாடி. பத்திரமா இருப்பேன்."

"பின்னாடி பத்திரம்னு உனக்கு எந்தப் புண்ணியவான் சொன்னான்?"

எனக்கு யாரும் சொல்லவில்லை, நானே முடிவு செய்ததுதான். முப்பது சைக்கிள் ஒன்றோடொன்று உரசுகிற மாதிரி போகும்போது, முன்னால் இருப்பவளுடைய பின்சக்கரத்தில் என் முன்சக்கரம் பட்டால் விழப்போவது நான்தான். விழுந்தால் கை உடையும். கை உடைந்தால் போர்வை யார் மடிப்பது? சித்தி வீட்டில் ஆறு வாரம் உட்கார்ந்து சாப்பிட எனக்கு மனசு வராது. இதையெல்லாம் வெளியே சொல்லாமல் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்க பாரு. வளைவுல முதல் ஆளு லேசா பிரேக்கைத் தொடுவா. பத்தாவது ஆளு கொஞ்சம் மெதுவாவா. முப்பதாவது ஆளு?"

"நிப்பேன்."

"நிப்பே. அதுக்குள்ள முதல் ஆளு மறுபடி பறந்திருப்பா. நீ எழுந்து நின்னு மிதிச்சு அவங்களைப் பிடிக்கணும். அஞ்சு வளைவு, ஆறு சுத்து. முப்பது தடவை நீ மட்டும் தனியா ஒரு பந்தயம் ஓடறே. அதுக்கு எவளும் கோப்பை தரமாட்டா."

"நம்ம பஸ்ல கடைசி சீட்டுல உக்காந்தவங்க கதிதான்," என்றார் டிரைவரக்கா, கண்ணைத் திறக்காமல். "பள்ளம் ஒண்ணுதான். தூக்கிப் போடறது அவங்களை மட்டும்."

"முதல் பதினஞ்சுக்குள்ள இரு," என்று விரலை நீட்டினார் பல்லக்கா. "எவளும் வா தாயேன்னு இடம் தரமாட்டா. காலியான உடனே போய் உக்காந்துடணும். காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதுக்கு எதிர்ப்பக்கம் ஒளிஞ்சுக்கோ. திரும்பித் திரும்பிப் பார்க்காதே, பார்த்தா சைக்கிள் ஆடும். அப்புறம் ஒண்ணு. பச்சைச் சட்டைல அந்தக் கொக்கு இருக்கா பாரு, அவ தனியா போனா மட்டும் விடவே கூடாது. போனா போனதுதான், அப்புறம் நாம அவ முதுகைத்தான் பார்க்கணும்."

கொக்கு என்பது பச்சை அணித் தலைவி. ஆறடி உயரம், நீளக் கழுத்து. ஒரு மணி நேரம் யார் முதுகிலாவது ஒளிந்துகொண்டு அசையாமல் வருவாள். கடைசியில் ஒரே கொத்து.

"நான் கடைசி வரைக்கும் கூட்டத்தோட வந்தா?" என்றேன்.

"வந்தா சாயங்காலமே உன் பேரை எழுதறேன். அறுந்துட்டா நீச்சல்காரி. கோவிச்சுக்கக் கூடாது."

"மாட்டேன்" என்றேன். நாலு நாளாக அதை நினைத்துத் தூக்கம் வராததை அவரிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பா கதவைத் திறந்துவிட்டார். செருப்பு வைக்கும் இடத்தில் சைக்கிளை வைத்திருப்பதால் தினமும் அவருக்கு அதன் கைப்பிடி வயிற்றில் குத்தும். "இது வீடா சைக்கிள் ஸ்டாண்டான்னு கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப் போச்சும்மா. போ, போய் எதையாவது ஜெயிச்சுட்டு வா, குத்து வாங்கினதுக்கு அர்த்தமாவது இருக்கும்," என்றார்.

முதல் மூன்று சுற்று எப்படிப் போனது என்று கேட்டால், எனக்கே நம்ப முடியவில்லை. சொன்ன மாதிரியே செய்தேன். சந்தைத் தெருவில் சின்ன ஏற்றம் வரும். அங்கே வேகம் குறைந்து கூட்டம் தெரு முழுக்கப் பரவும். நடுவில் வாசல் மாதிரி இடைவெளி திறக்கும். அதற்குள் நுழைந்து நாலு பேரைத் தாண்டுவேன். அடுத்த வளைவில் உள்பக்கத்திலிருந்து ஒருத்தி என்னைத் தாண்டுவாள். நான் இன்னொருத்தியைத் தாண்டுவேன். ஒரே இடத்தில் இருப்பதற்கே ஓயாமல் முன்னேறிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. ஒரு தடவை பக்கத்துக்காரியின் முழங்கை என் முழங்கையில் இடித்தது. நான் விழவில்லை. அவள்கூட "மன்னிச்சுக்கோ" என்றாள். முழங்கை இடித்தால் விழுந்துவிடுவோம் என்று ஒரு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்!

வளைவுகளில் பிரேக்கை லேசாகத் தொட்டு எடுத்தேன், அவ்வளவுதான். எழுந்து நின்று மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. காலில் அப்படியே பலம் இருந்தது. முன்னால் பத்துப் பன்னிரண்டு முதுகுகள் காற்றை வாங்கிக்கொள்ள, நான் சும்மா இழுத்துக்கொண்டு போகப்படுகிற மாதிரி இருந்தது.

நாலாவது சுற்றில்தான் கோட்டை விட்டேன். கிடங்குகள் இருக்கும் நீளச் சாலையில் தண்ணீர் குடித்துவிட்டுப் பாட்டிலைத் திரும்ப மாட்டும்போது அது கைநழுவியது. அது யார் சக்கரத்திலாவது போய் மாட்டிக்கொண்டதோ என்று பயந்து மிதிப்பதை நிறுத்தினேன். இரண்டு நொடிதான். பக்கவாட்டுக் காற்றில் அந்த இரண்டு நொடிக்குள் இருபது பேர் என்னைத் தாண்டிவிட்டார்கள். மறுபடி வாலில் வந்து நின்றேன். அந்த நேரம் பார்த்து முன்னால் ஏதோ சத்தம். "ஒருத்தி போயிட்டா! ஒருத்தி போயிட்டா!"

யார் போனது என்று வாலில் இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? தனியாகப் போனால் விடவே கூடாது என்று பல்லக்கா சொன்னது ஒருத்தியைப் பற்றித்தான். கொக்கு போய்விட்டாள், பல்லக்கா எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறார், இனி இது என் பொறுப்பு என்று எனக்கு நானே உத்தரவு போட்டுக்கொண்டேன்.

ஐந்தாவது சுற்றின் தொடக்கத்தில் சந்தை ஏற்றம் வந்தது. இடது ஓரமாக ஏறினேன். பத்து பேர், பதினைந்து பேர், இன்னும் ஐந்து பேர். திடீரென்று எனக்கு முன்னால் ஆளே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பந்தயத்தின் மூக்கு நுனியில் நான்! மோட்டார் சைக்கிளில் வருகிற அதிகாரி பலகையைத் தூக்கிக் காட்டினார். முன்னால் ஒருவர், ஐம்பது வினாடி.

தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன்.

அக்கா, அந்த ஐந்து நிமிடம் நான் எப்படி ஓட்டினேன் என்பதை நீ பார்த்திருக்க வேண்டும். காற்று முழுக்க என் நெஞ்சில். பலகையில் நாற்பத்தொன்று. பின்னாலிருந்து ஒரு குரல், "பிரமாதம் தங்கச்சி! அப்படியே பிடி!" எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பலகையில் முப்பத்திரண்டு. "என்ன காலுடியம்மா உனக்கு! இத்தனை நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தே?" இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் யார் என்று பார்க்கவில்லை. யாரோ நல்ல மனசுக்காரி என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தி நாலு.

அப்போதுதான் வலது பக்கத்திலிருந்து மூச்சிரைக்க பல்லக்கா வந்து சேர்ந்தார். முகம் தக்காளிப் பழம்.

"ஏய் போர்வை! என்னடி பண்றே?"

"துரத்தறேன்க்கா! இருபத்தி நாலு ஆக்கிட்டேன்!"

"யாரைத் துரத்தறேன்னு தெரியுமா?"

"கொக்கை!"

"லூசு! கொக்கு உன் பின்னாடிதாண்டி உக்காந்திருக்கா! முன்னாடி போறது நம்ம டிரைவரக்கா!"

அப்போது திரும்பிப் பார்த்தேன். என் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில், நீளக் கழுத்தைக் குனிந்து, என் முதுகின் மறைவில் வியர்வைகூட இல்லாமல் கொக்கு வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நிறுத்திட்டியே தங்கச்சி," என்றாள். "நல்லாத்தானே போயிட்டிருந்தே."

பல்லக்காவை அவளுடைய இரண்டு ஆட்கள் நடைபாதை ஓரமாக மடக்கி வைத்திருந்தார்களாம். சொந்த அணிக்காரியே சொந்த அணிக்காரியை விரட்டிக்கொண்டிருப்பதை அவர் இருபது பேருக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். கத்தினாராம். எனக்குக் காதில் விழுந்ததெல்லாம் கொக்கின் பாராட்டு மட்டும்தான்.

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனால் சைக்கிளில் வெட்கப்பட நேரம் கிடையாது. இன்னும் பதினான்கு கிலோமீட்டர் இருந்தது.

நான் இழுப்பதை நிறுத்தியதும் பச்சைக்காரிகள் மூவரும் தாங்களே முறை போட்டு இழுக்கத் தொடங்கினார்கள். ஒருத்தி முன்னால் போய் அரை நிமிடம் காற்றை வாங்குவாள், ஒதுங்கிக் கடைசிக்கு வருவாள், அடுத்தவள் முன்னால் வருவாள். சங்கிலி மாதிரி அழகாகச் சுற்றியது. பலகையில் இருபது.

"உள்ள பூந்துடு," என்றார் பல்லக்கா. "வளைஞ்சு ஓட்டாதே, யாரையும் மறிக்காதே, அதிகாரி பார்த்தா வெளியே அனுப்பிடுவான். நேராவே போ. ஆனா ஒழுங்கா மட்டும் போகாதே."

அது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சலவைக்கூடத்தில் பெரிய இஸ்திரி உருளைக்குள் போர்வையை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஒரே நேரத்தில் விட வேண்டும். ஒரு ஆள் அரை நொடி பிந்தினால் போதும், போர்வை கோணிக்கொண்டு உள்ளே போய் மொத்த இயந்திரமும் நின்றுவிடும். சேர்ந்த முதல் மாதம் நான் அதை ஒரு நாளைக்கு பத்து தடவை நிறுத்தினேன். மேற்பார்வையாளர் வாயில் வராத வார்த்தை இல்லை.

அவர்கள் சங்கிலியில் நானும் ஒரு கண்ணியானேன். என் முறை வந்ததும் முன்னால் போவேன், ஆனால் அரை நொடி பிந்தி. போனதும் வேகத்தைக் கொஞ்சம் விடுவேன். அது மிகவும் கொஞ்சம்தான். பின்னால் இருப்பவள் பிரேக்கைத் தொடுவாள், அவளுக்குப் பின்னால் இருப்பவள் அவளைத் திட்டுவாள். நான் ஒதுங்கியதும் பல்லக்கா வந்து அதையே செய்வார். பலகையில் இருபத்தொன்று. இருபத்தி மூன்று.

"வழி விடுடி!" என்று கத்தினாள் கொக்கு. இப்போது தங்கச்சி இல்லை.

"ரோடு அகலமாத்தானே இருக்கு, போங்கக்கா," என்றேன்.

கடைசிச் சுற்றின் பாதியில் பல்லக்காவுக்கு மூச்சு முட்டிவிட்டது. கையால் சைகை காட்டிவிட்டுப் பின்னால் போய்விட்டார். என் தொடைகளும் நடுங்க ஆரம்பித்துவிட்டன. கொக்கு இனி யாரையும் நம்பாமல் தானே முன்னால் வந்து இழுத்தாள். பலகையில் பதினாறு, பன்னிரண்டு. தூரத்தில், டயர் கிடங்கைத் தாண்டி, டிரைவரக்காவின் முதுகு ஒரு புள்ளியாகத் தெரிந்தது. புள்ளி வலமும் இடமும் ஆடியது. அவரும் தீர்ந்துபோய்விட்டார்.

டயர் கிடங்கு திரும்பியதும் பழைய பாலம். இருநூறு மீட்டர், ஒரு லாரி போகும் அகலம். அது முடிந்தால் மூன்று கிலோமீட்டர் அகலச் சாலை, அப்புறம் முடிவுக்கோடு.

நான் கொக்குக்குப் பின்னால் நாலாவது ஆளாக இருந்தேன். காலில் மிச்சம் இருந்ததைக் கணக்குப் பார்த்தேன். அப்படியே ஒளிந்துகொண்டு வந்தால் கூட்டத்தோடு கோடு வரை வந்துவிடலாம். பல்லக்கா கேட்டது அதுதான். என் பெயர் பட்டியலில் ஏறிவிடும். ஆனால் டிரைவரக்கா கோட்டுக்கு முன்னால் மாட்டிக்கொள்வார். அவரை மாட்டிவிட்டதில் பாதிப் பங்கு என்னுடையது. அல்லது அந்த மிச்சத்தை இப்போதே செலவு செய்யலாம். அப்புறம் எதுவும் இருக்காது.

ரொம்ப நேரம் யோசித்தேன் என்று பெருமையாகச் சொல்லமாட்டேன். வளைவுக்கு நூறு மீட்டர் முன்னால் எழுந்து நின்று மிதித்தேன். கொக்கின் உள்பக்கமாகப் போய், வளைவில் முதல் ஆளாகத் திரும்பினேன். எல்லோருக்கும் வேண்டிய நல்ல வழி எதுவோ அதை நான் எடுத்துக்கொண்டேன். பிரேக்கைத் தாராளமாகத் தொட்டேன். பின்னால் முப்பது பிரேக்குகள் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன.

அப்புறம் பாலம். நடுக்கோட்டில் நேராகப் போனேன், ஒரு விரல் அகலம்கூட இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகரவில்லை. சித்தப்பா கடைக்குப் போகிற வேகத்தில் போனேன்.

"போடி! போடி! போ!" கொக்கின் குரல் என் காதுக்குள்ளேயே கேட்டது. அவளுடைய முன்சக்கரம் என் பின்சக்கரத்தோடு உரசிய சத்தம்கூட வந்தது. ஒரு வருடமாக நான் பயந்த அதே உரசல். கைப்பிடியை லேசாகப் பிடித்துக்கொண்டு அப்படியே போனேன். விழுந்தால் அவள் விழுவாள்.

பாலம் முடிந்ததும் இரண்டு பக்கமும் அவர்கள் என்னைத் தாண்டினார்கள். பச்சை, சிவப்பு, மஞ்சள், எல்லோரும். கடைசிச் சக்கரம் தாண்டியபோது எழுந்து நின்று மிதிக்கப் பார்த்தேன். கால் அப்படி ஒரு வேலையைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது போல இருந்தது. மூன்று கிலோமீட்டரைத் தனியாக, முகத்தில் காற்று அறைய, ஓட்டி முடித்தேன். கோட்டைத் தாண்டும்போது ஒலிபெருக்கியில் ஏற்கனவே வேறு ஏதோ அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. மரத்தடியில் நிறுத்தி, யாரோ நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்தேன். பிறகு நடந்ததைத்தான் படத்தில் பார்த்தீர்கள்.

என்னைத் தூக்கிவிட்டது டிரைவரக்கா. கையில் கோப்பை.

"ஆறு வினாடி," என்றார். "ஆறே ஆறு. என் முதுகுல அவங்க மூச்சே பட்டுது. நடுவுல யாரோ காட்டுத்தனமா துரத்தினாங்களே, யாருன்னு தெரிஞ்சுதா?"

நான் சிராய்ப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பல்லக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"சொல்லேன், யாருன்னு."

"நான்தான்க்கா," என்றேன்.

டிரைவரக்கா கோப்பையைக் கீழே வைத்தார். பேருந்தில் சில்லறை இல்லை என்று சொல்கிறவர்களைப் பார்க்கிற பார்வை. அவர் வாயைத் திறப்பதற்குள் கொக்கு வேகமாக வந்தாள்.

"உங்க டீம்ல இந்தச் சின்னக் குட்டியை எங்க பிடிச்சீங்க?" என்று பல்லக்காவிடம் கத்தினாள். "பாலத்து மேல என்னைக் கட்டிப் போட்டுட்டா! அதிகாரிகிட்டப் போய்ச் சொன்னேன். நேராத்தானே போனா, இதுல என்ன தப்புங்கறான். அந்தப் பாலத்துலயே எனக்கு பத்து வினாடி போச்சு. பத்து!" அப்புறம் என்னைப் பார்த்தாள். "அடுத்த மாசம் மூணு நாள் பந்தயத்துக்கு நீயும் வர்றியா?"

நான் பல்லக்காவைப் பார்த்தேன். அறுந்துபோனவள் நான். பேச்சு பேச்சுதான்.

பல்லக்கா என் பக்கம் திரும்பினார். "கூட்டத்தோட வந்தியா?" என்றார் என்னிடம்.

"இல்லக்கா."

"சொன்ன பேச்சைக் கேட்டியா?"

"பாதி கேட்டேன்."

"நம்ம ஆளையே துரத்தினே."

"ஆமா. திரும்பிப் பார்க்காததுதான் தப்பு. அடுத்த தடவை யாரு போனான்னு கேட்டுட்டுத்தான் காலை வைப்பேன். ஆனா மூணு நாள் பந்தயத்துல டிரைவரக்கா முன்னாடி போனா பின்னாடி கூட்டத்தைப் பிடிச்சு வைக்க ஒரு ஆள் வேணும். அதை நீச்சல்காரி செய்வாளா? நான் செய்வேன்."

நான்தான் பேசினேன், அக்கா. வேறு யாரோ பேசவில்லை.

"பேசறா பாரு," என்றார் டிரைவரக்கா. "முதல்ல என்னைக் கொல்லப் பார்த்துட்டு."

பல்லக்கா கொக்கைப் பார்த்தார். "வர்றா," என்றார். "நீ பாலம் இல்லாத ரோடா பார்த்து வா."

படிவத்தில் என் பெயரை அங்கேயே, கோப்பையைத் திருப்பிப் போட்டு அதன் அடிப்பாகத்தின் மேல் வைத்து எழுதினார். எழுதி முடித்ததும் கையெழுத்து கேட்டார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் எப்போதும் சொல்வேன், உனக்கே தெரியும். இந்தத் தடவை பேனாவை வாங்கிப் போட்டுவிட்டேன். சலவைக்கூடத்தில் எதிர்முனையைப் பிடிக்கிற பெண்ணோடு மூன்று நாள் முறையையும் மாற்றிக்கொண்டாயிற்று. சித்தியிடம் சொல்லிவிட்டேன், இப்போது உங்களிடமும் சொல்கிறேன். அம்மா ஏதாவது சொன்னால், அவள் போகட்டும் என்று நீ சொல்லிவிடு. சொல்லாவிட்டாலும் போகத்தான் போகிறேன்.